மர்பி டவுனும் மேற்கோள் குறியும்

பெங்களூரில் ஹலசூருக்கு அருகே அமைந்த குடியிருப்பு மர்பி டவுன். முன்னாளில் நாக்ஸ்பேட்டை என வழங்கிய இப்பகுதி, பின்னர் மர்பி என்னும் பொறியாளரின் பெயரைப் பெற்றது. தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கு வாழ்ந்து வருகின்றன. இக்குடும்பங்களுள் ஒன்றின் முகவரியை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், கணிப்பொறிச் சோதனை நிரல்கள் எங்கெங்கே இடறி விழும் என்பதற்கு வேறு பாடநூல் வேண்டியதில்லை. வீட்டு எண்ணுக்கு முன் '#' என்ற குறி இடுவது பெங்களூர் வழக்கம். எண்ணின் நடுவே ஒரு சாய்வுக்கோடு வரும். பழைய எண் அடைப்புக்குறிக்குள் அமையும். அண்டை வீட்டில் டிசோசா குடும்பம் இருப்பின், அவர்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலெழுத்தை அடுத்து ஒரு மேற்காற்புள்ளி நிற்கும். கடைப்பெயராயின் நடுவில் '&' தோன்றும். ஊரின் பெயரிலோ ஓர் இடைவெளி இருக்கிறது.

இக்குறிகளில் ஒன்றேனும் மனிதருக்குக் குழப்பம் தருவதில்லை. தபால்காரர் '#' குறியைக் கண்டு மீதி முகவரியைப் படியாது விடுவதில்லை. ஆனால் யூனிக்ஸ் வகை இயக்க முறைமைகளில் ஆணைகளைப் படித்து நிறைவேற்றும் 'ஷெல்' என்னும் நிரல், ஒரு சொல்லின் முதலில் அக்குறியைக் கண்டவுடன் வரியின் எஞ்சிய பகுதி முழுவதையும் குறிப்புரை எனக் கருதி விட்டுவிடும். '&' குறியைக் கண்டால், அதுவரை படித்ததைப் பின்னணியில் ஓடவிட்டு, அதற்குப் பின்னுள்ளதைப் புதிய ஆணையாக நிறைவேற்ற முயலும். ஒற்றை மேற்கோள் குறியைக் கண்டால், அதன் இணைக்குறி வரும்வரை வரி வரியாகக் காத்திருக்கும். டிசோசா குடும்பத்தின் பெயரில் இணைக்குறி வரப்போவதில்லை.

இவ்வளவும் ஆணை வரியில் நேராக எழுதப்பட்ட குறிகளைப் பற்றியது. இப்பிழைகள் உடனே கண்ணில் படுவதால் உடனே திருத்தவும் படுகின்றன. அச்சத்திற்குரியது வேறொன்று. ஒரு மாறியில் சேமித்துவைத்த மதிப்பை மேற்கோள் குறியின்றி ஆணையில் பயன்படுத்தினால், ஷெல் முதலில் அம்மாறியின் இடத்தில் மதிப்பை வைக்கிறது. பிறகு, அவ்வாறு வைத்த மதிப்பை மீண்டும் ஒருமுறை இடைவெளிகளில் வெட்டித் துண்டு துண்டான சொற்களாக்குகிறது. அதன் பின்னும் அமையாது, அத்துண்டுகளில் '*' அல்லது '?' இருந்தால் அவற்றைக் கோப்புப்பெயர்களின் மாதிரியாகக் கொண்டு, கோப்பகத்தில் பொருந்தும் பெயர்களையெல்லாம் அவ்விடத்தில் நிரப்புகிறது. மதிப்பைச் சுற்றி இரட்டை மேற்கோள் குறி இட்டிருந்தால் பின்னிரண்டு செயல்களும் நிகழமாட்டா. 1979 ஆம் ஆண்டில் ஸ்டீபன் போர்னின் ஷெல் ஏழாம் யூனிக்ஸ் பதிப்புடன் வெளிவந்த காலத்தில் இம்முறை உண்மையாகவே பயன்பட்டது. ஒரே மாறியில் பல கோப்புப்பெயர்களை வைத்துக்கொள்ள அன்று வேறு எளிய வழி இல்லை. கோப்புப்பெயரில் இடைவெளி இடுவார் அந்நாளில் அரிது. அவ்வழக்கம் பெருகிய பின்னும் பழைய விதி மாறவில்லை என்பதே இன்றைய இடர்ப்பாட்டின் வேர்.

'மர்பி டவுன்' என்ற பெயரையே எடுத்துக்கொள்க. யூ.டி.எஃப். 8 குறியீட்டு முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் பெறும். மர்பி என்பதில் 5 குறிகள், டவுன் என்பதில் 5 குறிகள். ஆக 30 பைட்டுகள். இடைவெளிக்கு ஒன்று, மொத்தம் 31. தமிழ்ப் பெயர் இட்டதால் நிரல் கெட்டது என்று கூறுவோர் பலர். இது தவறான அபிப்பிராயம். தமிழ் எழுத்துகளின் பைட்டுகள் யாவும் 128 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புடையவை. ஷெல்லுக்குச் சிறப்புப் பொருள் தரும் குறிகள் அனைத்தும் அதற்குக் கீழ்ப்பட்டவை. எனவே 30 பைட்டுகளும் குற்றமற்றவை. தொல்லை முழுவதும் நடுவில் நிற்கும் அந்த ஒரு பைட்டில் அடங்கியிருக்கிறது. அதே தொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் வரும். பள்ளிகளில் தமிழ்க் கோப்புப்பெயர்களைத் தடுத்து வைப்பதற்குக் காட்டப்படும் காரணங்களில் ஒன்று இவ்வாறு அடியற்றுப் போகிறது.

சாதாரண நிரலில் இக்குறை நேர்ந்தால் வேலை கெடும், கெட்டது தெரியும். சோதனை நிரலில் நேர்ந்தால் நிலைமை வேறு. மற்ற நிரல்கள் சரியாக வேலை செய்கின்றனவா எனப் பார்ப்பதே சோதனை நிரலின் கடமை. பரீட்சைத்தாளைத் திருத்துபவரே எழுத்துகளைத் தவறாகப் படித்தால், மாணவர் எழுதியது சரியா தவறா என்பதை எவர் கூறுவது?

மூன்று எடுத்துக்காட்டுகளைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம். களப்பணியாளர் அனுப்பிய பட்டியலில் ஊர்ப்பெயர் நிரப்பப்பட்டுள்ளதா என ஒரு சோதனை பார்க்கிறது எனக் கொள்வோம். ஷெல்லில் இதற்குச் சதுர அடைப்புக்குறிக்குள் '-என்' என்னும் தேர்வுக்குறியும், அதனை அடுத்து மாறியும் எழுதப்படும். மாறியில் மதிப்பு இருந்தால் உண்மை, வெறுமையாயின் பொய். ஆனால் மாறியைச் சுற்றி மேற்கோள் குறி இல்லாவிடில், வெறுமையான மாறி சுவடின்றி மறைந்துபோகும். எஞ்சுவது தேர்வுக்குறி மட்டுமே. தனித்து நிற்கும் ஒரே சொல் வெறுமையற்றதாக இருந்தால் அதனை உண்மை எனக் கொள்வது அந்த ஆணையின் விதி, தேர்வுக்குறியோ வெறுமையானதன்று. ஆகவே விடை உண்மை! ஊர்ப்பெயர் இருந்தாலும் உண்மை, இல்லாவிட்டாலும் உண்மை. பிழைச் செய்தி எதுவும் திரையில் தோன்றாது. நிரப்பப்படாத பட்டியல்கள் நூறு வந்தாலும் நூறும் தேறிவிடும்.

இரண்டாவது, ஒப்பிடும் சோதனை. 'கிடைத்த பெயரும் எதிர்பார்த்த பெயரும் வேறுபட்டால் தோல்வி எனக் கூறுக' என்று ஒரு சோதனையை எழுதுவது பொதுவான வழக்கம். கிடைத்த பெயர் மர்பி டவுன். மேற்கோள் குறி இல்லை. ஒப்பிடும் ஆணைக்கு இரு புறமும் ஒவ்வொரு சொல் இருக்க வேண்டிய இடத்தில், இடப்புறம் இரண்டு சொற்கள் வந்து நிற்கின்றன. ஆணை திகைத்து, பிழை எனக் கூறி, 2 என்ற நிலைமதிப்புடன் முடிகிறது. நிபந்தனை வாக்கியத்திற்கோ, சுழியமல்லாத எந்த மதிப்பும் 'பொய்' என்பதற்கு ஒப்பானது. 'வேறுபட்டால்' என்ற நிபந்தனை பொய்யானதால், தோல்வி என்ற செய்தி வெளிவராது. சோதனை தேறியதாக எண்ணப்படும். பிழை நேர்ந்தவுடன் நிரலை நிறுத்தும்படி முன்னெச்சரிக்கையாக ஒரு கட்டளை இட்டிருந்தாலும், நிபந்தனைக்குள் நேரும் பிழைகளுக்கு அது பொருந்தாது. ஆயிரம் வரிகள் ஓடும் வெளியீட்டின் நடுவே ஒரு பிழைச் செய்தி மின்னி மறையும். அதைப் படிப்பவர் யார்?

மூன்றாவது, இருப்பவற்றுள் மிகத் தந்திரமானது. குறிப்புரைப் பத்தியில் ஐயம் உள்ள இடத்தில் '?' இடுவது களப்பணியில் இயல்பு. அம்மதிப்பு மேற்கோளின்றி ஷெல்லிடம் சென்றால், ஓரெழுத்துப் பெயருள்ள கோப்பு ஏதேனும் கோப்பகத்தில் இருந்தால் மட்டுமே அது அப்பெயராக மாறும்; இல்லையேல் கேள்விக்குறியாகவே நிற்கும். ஆகவே நிரலை எழுதியவரின் கணிப்பொறியில் சோதனை தேறும். மாவட்ட அலுவலகத்தின் கணிப்பொறியில் தோற்கும். இரண்டு இடங்களிலும் நிரல் ஒன்றே, பட்டியலும் ஒன்றே. இத்தகைய பிழையைத் தேடி வீணான மாலைப்பொழுதுகளுக்குக் கணக்கு வைப்பார் இல்லை.

இவை வகுப்பறைக் கற்பனைகள் என்று தள்ளிவிட முடியாது. 2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் மேக் கணிப்பொறிகளுக்கென வெளியிட்ட ஐடியூன்ஸ் 2.0 பதிப்பின் நிறுவு நிரலில், பழைய பதிப்பை அழிக்கும் வரியில் மேற்கோள் குறி விடுபட்டிருந்தது. வட்டின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருடைய தரவுகள் அழிந்தன. அந்நிறுவனம் அப்பதிப்பை விலக்கிக்கொண்டு 2.0.1 பதிப்பை வெளியிட்டது. இடைவெளியுள்ள பெயரைக் கொண்ட ஒரு வட்டில் முன்னதாகவே அந்த நிரல் சோதிக்கப்பட்டிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும்.

இதற்கு நேர்மாறாக, போற்றத்தக்க முறையில் நடந்துகொண்டவர்களும் உண்டு. உலகெங்கும் நிரலாளர் பயன்படுத்தும் 'கிட்' என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவி 2005 ஆம் ஆண்டில் லைனஸ் டோர்வால்ட்சால் தொடங்கப்பட்டது. அதன் சோதனைத் தொகுதி பெரும்பாலும் ஷெல் நிரல்களால் ஆனது. அக்கருவியின் மூல நிரலை, பெயரில் இடைவெளியோ பிற சிறப்புக்குறியோ உள்ள கோப்பகத்தில் வைத்துச் சோதித்தால், சோதனைகள் பலவும் தோற்றன. கருவி கெட்டிருந்ததால் தோற்றவை சில. சோதனை நிரலே கெட்டிருந்ததால் தோற்றவை பல. 2008 ஆம் ஆண்டில் இவை ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தப்பட்டன. அத்திருத்தத்தின் தன்மை ஆசிரியர்கள் அறியத்தக்கது.

அத்தொகுதியில் ஒவ்வொரு சோதனையின் உடலும் ஓர் எழுத்துச்சரமாக மேற்கோளுக்குள் வைத்து அனுப்பப்படுகிறது; பிறகு அச்சரம் நிரலாக மறுமுறை படிக்கப்பட்டு நிறைவேற்றப்படுகிறது. அதாவது ஷெல் இருமுறை படிக்கிறது. அச்சரத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால், அதனுள் இருக்கும் மாறிகள் முதல் வாசிப்பிலேயே மதிப்பாக மாறிவிடுகின்றன. கோப்பகத்தின் பெயர் அப்போதே சரத்திற்குள் புகுந்து, இரண்டாம் வாசிப்பில் நிரலின் ஒரு பகுதியாகவே படிக்கப்படுகிறது. பெயரில் மேற்காற்புள்ளி இருந்தால் அது மேற்கோள் குறியாகிவிடும்; '&' இருந்தால் ஆணைப் பிரிப்பாகிவிடும். மாறியின் மதிப்பில் இருக்கும்வரை தீங்கற்றிருந்த குறிகள், இரண்டாம் வாசிப்பில் உயிர்பெற்று எழுகின்றன. இதற்கு மருந்து, வெளிச்சரத்தை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து, மாறியை மாறியாகவே இரண்டாம் வாசிப்புக்கு அனுப்பி, அங்கே அதனைச் சுற்றி இரட்டை மேற்கோள் இடுவதாகும். உள்ளே வைக்கப்பட்ட பொருளை உரிய நேரத்திற்கு முன் பிரிக்காதிருத்தல் என்று இதைச் சுருங்கக் கூறலாம்.

திருத்தத்துடன் அவர்கள் நிற்கவில்லை. சோதனைகள் ஓடும் தற்காலிகக் கோப்பகத்தின் பெயர் அதுவரை 'ட்ராஷ்' என்று ஒரே சொல்லாக இருந்தது. அதே 2008 ஆம் ஆண்டில் அதனை 'ட்ராஷ் டைரக்டரி' என இரு சொற்களாக, நடுவில் இடைவெளியுடன், வேண்டுமென்றே மாற்றினார்கள். அன்று முதல் மேற்கோள் குறியை மறந்து எவர் புதிய சோதனை எழுதினாலும் அது அவருடைய கணிப்பொறியிலேயே, அன்றே, அவர் கண்முன்னே தோற்கும். எச்சரிக்கைப் பலகைகளும் சுற்றறிக்கைகளும் செய்யாததை ஓர் இடைவெளி செய்துவிட்டது. இம்முறை நம் நாட்டின் ஒவ்வொரு பயிற்சிக்கூடத்திலும் கைக்கொள்ளப்பட வேண்டியது.

இதற்கு மாறாகக் கூறுவோர் இரு வகையினர். முதல் வகையினர், பெயர்களை மாற்றிவிடுங்கள் என்பர். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு இடுக, மேற்காற்புள்ளியை நீக்குக, அடைப்புக்குறியைத் தவிர்க்க. தாமே உண்டாக்கும் கோப்புகளுக்கு இவ்விதி நல்லதே. ஆயின் களப்பணியாளர் தாமே உண்டாக்கும் கோப்புகள் எத்தனை? ஒரே படிவத்தை இருமுறை இறக்கினால், உலாவி இரண்டாவது படிக்குத் தானே ஓர் இடைவெளியையும் அடைப்புக்குறிக்குள் 1 என்ற எண்ணையும் சேர்த்துவிடுகிறது. வாட்ஸ்அப் வழி வரும் படங்களின் பெயரில் இடைவெளிகள் ஏராளம். மேலும், கோப்பின் பெயரை மாற்றலாம். குடிமகனின் பெயரை மாற்ற எவருக்கு அதிகாரம் உண்டு? பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பள்ளிப் பதிவேட்டில் வேறு விதமாகவும் பெயர் அமைந்து, ஒரு குறியின் பொருட்டு அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் பெற்றோர் நடப்பதை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். நிரலின் குறையை மறைக்க மனிதரின் பெயரைத் திருத்துவது, செருப்புக்கு ஏற்பக் காலை வெட்டுவதாகும்.

கோப்புப்பெயரில் எதையும் தடுக்கவே கூடாது என்பதும் இதன் கருத்தாகாது. 2024 ஆம் ஆண்டில் வெளியான பாசிக்ஸ் தரநிர்ணயம், பெயருக்குள் புதுவரிக் குறி இடம்பெறுவதை ஊக்குவிக்கவில்லை; அத்தகைய பெயரில் கோப்பு உண்டாக்குவதை மறுக்குமாறு கருவிகளுக்கு வழி காட்டுகிறது. அதே தரநிர்ணயம், கோப்புப்பெயர்களை வெற்றுப் பைட்டினால் பிரித்து அனுப்பும் முறையையும் ஏற்றுக்கொண்டது. புதுவரிக் குறியைப் பெயராகக் கொண்ட மனிதர் எவருமில்லை. இடைவெளியைப் பெயரில் கொண்டவரோ கோடிக்கணக்கானவர். தடைக்கு எல்லை எங்கே என்பதை இந்த வேறுபாடு காட்டும்.

இரண்டாம் வகையினர், ஷெல்லையே கைவிட்டுப் பைதான் போன்ற மொழிக்கு மாறுக என்பர். பெரிய நிரல்களைப் பொறுத்தவரை இவ்வாதத்தில் நியாயம் உண்டு. அங்கே ஆணையின் உறுப்புகளைத் தனித்தனிப் பட்டியலாகவே அனுப்பலாம், மறுவெட்டு நிகழாது. ஆனால் பத்து வரிச் சோதனைக்கு ஷெல்லே எளிது. 2007 முதல் சி-டாக் நிறுவனம் வெளியிட்டு வரும் பாஸ் லினக்ஸிலும், கேரளப் பள்ளிகளில் வழங்கும் லினக்ஸ் பதிப்பிலும் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அன்றியும் பைதானிலிருந்தே ஷெல்லை அழைத்து, பெயரை ஆணைச்சரத்தில் ஒட்டவைத்து, பழைய பிழையைப் புதிய மொழியில் செய்வோரையும் காணலாம்.

கற்பிக்கும் முறையில்தான் மாற்றம் வேண்டும். பல பாடத்திட்டங்களில் மாறிகள் முதல் வாரத்திலும் மேற்கோள் குறிகள் கடைசி வாரங்களிலும் வருகின்றன. இடைப்பட்ட காலத்தில் மாணவர் எழுதும் ஒவ்வொரு வரியும் தவறான பழக்கத்தை உறுதிசெய்கிறது. மாறியை அறிமுகம் செய்யும் அதே மணி நேரத்தில், அதனைச் சுற்றி இரட்டை மேற்கோள் இடுவதையும் கற்பித்தல் வேண்டும். மாணவரின் முதற் கோப்பகத்திற்கு இடைவெளியுள்ள பெயர் இடுவது நன்று. பயிற்சிப் பட்டியலில் மேற்காற்புள்ளியுள்ள ஒரு பெயர், '*' மட்டும் கொண்ட ஒரு குறிப்புரை, வெறுமையான ஒரு மதிப்பு, '-' குறியில் தொடங்கும் ஒரு கோப்புப்பெயர் ஆகியவை தவறாமல் இடம்பெறட்டும். இவற்றுள் இறுதியானதை மேற்கோள் குறியும் காக்காது. தேர்வுக்குறிகள் முடிந்தன என்பதைக் காட்டும் இரட்டைச் சிறுகோட்டை ஆணைக்கு அளிக்க வேண்டும். 2012 அளவில் தோன்றிய ஷெல்செக் என்னும் இலவசக் கருவி, மேற்கோள் விடுபட்ட இடங்களை 2086 என்ற எண்ணுள்ள எச்சரிக்கையால் சுட்டிக்காட்டுகிறது. மாணவருக்கு முன் ஆசிரியர் தம்முடைய பழைய நிரல்களை அக்கருவியிடம் ஒருமுறை காட்டுதல் நலம்.

எனினும் கருவி சுட்டிய இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு குறி இடுவதும் ஆபத்து. சில பழைய நிரல்களில் ஒரே மாறியில் மூன்று நான்கு தேர்வுக்குறிகளைச் சேர்த்து வைத்து, ஷெல் அவற்றை வெட்டித் தரும் என்ற நம்பிக்கையில் எழுதியிருப்பார்கள். அங்கே மேற்கோள் இட்டால் நான்கும் ஒட்டி ஒரே சொல்லாகி, ஆணை திகைக்கும். அவ்விடத்தில் மாறியை அணியாக மாற்ற வேண்டும். அணி வசதியற்ற ஷெல்லில் செயலுருபுகளின் பட்டியலைப் பயன்படுத்த வேண்டும். ஒரு கோப்பகத்தின் எல்லாப் படிவங்களையும் குறிக்க '*' எழுதிய இடத்திலும் அக்குறி மேற்கோளுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். கோப்பகத்தின் பெயர் மட்டும் உள்ளே இருக்கும். ஒற்றை மேற்கோளுக்குள் ஒற்றை மேற்கோள் இட நேர்ந்தால், முதலில் மேற்கோளை மூடி, பின்சாய்வுக்கோட்டுடன் குறியை எழுதி, மறுபடியும் திறக்க வேண்டும். பார்வைக்கு அழகற்றது, வேலைக்குச் சரியானது.

மேற்கோள் சரியாக இருந்தும் கெட்ட நிரல் உண்டு. 2015 ஜனவரியில் பேசப்பட்ட ஸ்டீம் விளையாட்டு நிரலின் லினக்ஸ் பதிப்பில், கோப்பகப் பெயரைத் தாங்கிய மாறி மேற்கோளுக்குள் ஒழுங்காகவே இருந்தது. ஆனால் சில சூழ்நிலைகளில் அம்மாறி வெறுமையாயிற்று. எஞ்சியது சாய்வுக்கோடும் '*' குறியும். அதாவது கணிப்பொறியின் வேர்க்கோப்பகத்தில் உள்ள அனைத்தும். அழிக்கும் ஆணை அவற்றின்மேல் ஓடி, பயனர் ஒருவருடைய சொந்தக் கோப்புகளைத் துடைத்துவிட்டது. வெறுமையாயின் அவ்விடத்திலேயே நின்றுவிடுமாறு மாறியின் விரிவிற்குள் ஒரு முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்திருந்தால் போதும். ஷெல் அந்த வரியைத் தாண்டியிராது. அழிக்கும் ஆணை இடம்பெறும் எந்தச் சோதனையையும் மாணவரிடம் கொடுப்பதற்கு முன், மாறியை வெறுமையாக்கி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது ஆசிரியரின் பொறுப்பு. அவ்வாறு ஓட்டும்போது அழிக்கும் ஆணைக்குப் பதில், சொற்களைத் திரையில் அச்சிடும் ஆணையை அவ்விடத்தில் வைத்து, எத்தனை சொற்கள் வருகின்றன என எண்ணிக் கொள்ள வேண்டும்.